வழிச்செல்வோர்க்குத் தாவளம்

சென்ற மாதம் எமது பிராசீன பாடசாலையின் மாலை வகுப்பிலே மாணவர் ஒருவர் ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்டார். ஐரோப்பியர் விடுமுறைக் காலத்திலே மோட்டார் வண்டியின் பின்னே ஒரு சிறு வீட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு ஊரூராகத் திரிகின்றனர் அல்லவா? அவ்வீட்டுக்கு ஆங்கிலத்திலே 'கரவன்' என்று பெயர். அதனைத் தமிழில் எவ்வாறு வழங்கலாம் என்பது அவர் வினா. "அப்படியே கரவன் என்று எழுதினால் இழுக்கு உண்டோ, ஐயா?" என்றும் கேட்டார். இழுக்கு உண்டு. கரவு என்பது தமிழில் வஞ்சனை; கரவன் என்றால் வஞ்சகன் என்றாகும். ஊர் பார்க்க வந்த விருந்தினனை வாசலிலே வைத்தே வஞ்சகன் என்று விளிப்பது நம் மரபன்று என்றேன். வகுப்புச் சிரித்தது.

சிரிப்பு அடங்கியபின் ஆராய்ச்சி தொடர்ந்தது. அச்சொல் பாரசீகத்திலே பிறந்தது. கள்வர்க்கு அஞ்சி ஒன்றுகூடிப் பாலைவழி சென்ற வணிகர் கூட்டத்துக்கு அங்கே அது பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற் புகுந்து, கூட்டத்தைக் குறித்த சொல் காலப்போக்கில் வண்டியைக் குறிக்கலாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் அதன் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். அந்த வாலே நம் தெருக்களில் நாள்தோறும் ஓடும் 'வான்'. ஆகவே, 'எமக்கும் கரவனுக்கும் என்ன உறவு?' என்று கேட்பார்க்கு, 'அதன் பாதியிலே ஏறித்தான் நீர் இங்கே வந்தீர்' என்று விடை சொல்லலாம்.

பழந்தமிழில் அக்கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். கோவலன் தந்தையாகிய மாசாத்துவானின் பெயரிலே அச்சொல் இன்னும் வாழ்கின்றது. வண்டியோடு குடும்பத்தையும் கொண்டு திரிந்தவர் உப்பு விற்ற உமணர். மனைவியும் மக்களும் உடன்வர, அவர்கள் நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்றதைச் சங்கச் செய்யுள்கள் பல காட்டுகின்றன. மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியக்கூடும் என்று அஞ்சி, மேலதிகமாக ஓர் அச்சையும் வண்டியின் அடியிலே கட்டிச் சென்றனர் என்பதை ஔவையார் பாடிய புறநானூற்றுச் செய்யுள் ஒன்றால் அறிகின்றோம். இன்றைய வண்டிகளின் மேலதிகச் சில்லுக்கு அதுவே பாட்டன். அகநானூற்றிலே இன்னொரு செய்தி உண்டு. உமணர் தங்கிச் சமைத்துவிட்டுப் போன அடுப்புக் கற்களிலே பின்வந்த மழவர் தம் ஊனைச் சமைத்து உண்டனராம். முன்வந்தவன் விட்டுச்சென்றது பின்வந்தவனுக்கு உதவியது. வழித்தங்கலின் இலக்கணம் முழுவதும் அச்சிறு செய்தியிலே அடங்கியிருக்கின்றது என்பது என் கருத்து.

வண்டிக்கு 'வீட்டு வண்டி' என்று பெயர் வைத்துக்கொண்டோம். அது வந்து தங்கும் இடத்துக்கு யாது பெயர்? 'முகாம்' என்றனர் மாணவர். அது அரபு வழி வந்த சொல். வந்த வழி பற்றி எனக்கு வழக்கில்லை. அது நம்மிடம் வந்தபின் பட்ட பாடுதான் தடையாய் நின்றது. 1995 ஆம் ஆண்டிலும் 2009 ஆம் ஆண்டிலும் அச்சொல் எமக்கு எப்பொருளைத் தந்தது என்பதை இவ்வகுப்பிலுள்ள எவருக்கும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறைக் களிப்புக்கு அச்சொல்லை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தாவளம் என்று ஒரு பழஞ்சொல் உண்டு. தங்குமிடம், பற்றுக்கோடு என்னும் பொருள்களை அகராதிகள் அதற்குத் தரும். அச்சொல்லைச் சிங்களரும் தவலம் என்று வழங்கினர். அவர் வழக்கிலே அது பொதி சுமந்து மலைநாட்டுக்கும் கரையோரத்துக்கும் நடந்த மாட்டுக் கூட்டத்தின் பெயர். நாம் தங்குமிடத்தைச் சொன்னோம். அவர்கள் தங்க வந்த கூட்டத்தைச் சொன்னார்கள். இரண்டு மொழியினரும் ஒரே பாதையில் நடந்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? இதனைச் சொல்லி மகிழ நான் நிமிர்ந்தபோது, வினாவைக் கேட்ட மாணவரின் இருக்கை வெறிதாயிருந்தது. அவர் தீவகத்தவர். கடைசிப் பஸ்ஸைப் பிடிப்பதற்காக வகுப்பு முடிய அரை மணி நேரத்துக்கு முன்னரே எழுந்துவிடுவார். விடை பிறக்கும் முன்னே பஸ் அவரைக் கொண்டுபோய்விட்டது.

நிற்க. சொல்லைக் கண்டுபிடித்தேன், அச்சொல் குறிக்கும் பொருள் எங்கே என்று தேடலானேன். அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரை. வழிச்செல்வோர்க்கு நம் ஊர்களிலே தாவளம் வேண்டும். அதிலே நீரும் மறைவிடமும் வேண்டும். அதன் வாசலிலே ஊர்ப் பஸ் வந்து நிற்க வேண்டும். யான் சொல்ல வந்தவை இவையே. இவை சுற்றுலாப் பயணிகளின் சொகுசு பற்றிய செய்திகள், தமிழ்ப் பண்டிதனுக்கு இவற்றில் என்ன வேலை என்று நினைப்போர் சற்றுப் பொறுத்தல் வேண்டும்.

இன்பப் பயணத்துக்கென்றே வீட்டு வண்டி கட்டுவித்தவர்களுள் முதல்வராகக் கருதப்படுபவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்கொத்லாந்தர். கடற்படையிலே வைத்தியராயிருந்து பின் சிறுவர்க்குக் கதை எழுதியவர். 1885 இல் அவர் 'வாண்டரர்' என்னும் வண்டியைப் பிரிஸ்டல் நகரிலே கட்டுவித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்தின் வடபாகத்து இன்வெர்னஸ் வரை சென்றார். வண்டியின் நிறை ஏறக்குறைய இரண்டு தொன். உள்ளே படுக்கையும் புத்தக அலுமாரியும் இருந்தன. ஆனால் அவ்வளவு பெரிய வண்டியைக் குறுந்தெருக்களிலே திருப்ப முடியுமோ? அவருடைய பணியாள் ஒருவர் முச்சக்கர மிதிவண்டியில் ஏறி முன்னே சென்று வழி பார்த்தார். வீட்டை இழுத்துக்கொண்டு செல்பவனுக்கு ஊருக்குள்ளே செல்ல வேறொரு சிறு வண்டி வேண்டும் என்பது அந்த முதற் பயணத்திலேயே தெளிவாகிவிட்டது.

1907 இல் வீட்டு வண்டிக்காரர்க்கு ஒரு சங்கம் பிரித்தானியாவிலே தோன்றியது. குதிரை போய் மோட்டார் வந்தது. செல்வர் சிலரின் பொழுதுபோக்காயிருந்தது பலருடைய விடுமுறையாயிற்று. விரும்பிய வயலிலே நின்று, விரும்பிய வேலியோரத்திலே கழிவைக் கொட்டி, மறுநாட் காலை எழுந்து போனால் ஊரவர் எத்தனை நாள் பொறுப்பர்? 1960 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் ஒன்று இயற்றிற்று. அதன்படி வீட்டு வண்டிகளுக்கு இடங்கொடுக்கும் நிலத்துக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். ஆயினும் அச்சட்டத்திலே ஒரு வாயிலைத் திறந்து வைத்தனர். அங்கீகாரம் பெற்ற சங்கமொன்று சான்று கொடுத்தால், சிறு கமக்காரன் ஒருவன் தன் நிலத்திலே ஐந்து வண்டிகள் வரை நிறுத்தி அச்சங்கத்தின் உறுப்பினர்க்கு இடங்கொடுக்கலாம். அங்கே மாளிகை வேண்டுவதில்லை. குடிநீர்க் குழாய் ஒன்று, வண்டியிலுள்ள மலசலத் தொட்டியை வெறுமையாக்கும் குழி ஒன்று, குப்பைக்கு ஓர் இடம் ஆகிய இவை இருந்தாற் போதும். கமக்காரனுக்கு இரண்டு காசு மேலதிகமாக வரும். வந்தவனுக்குப் பால் வாங்கவும் முட்டை வாங்கவும் வழி உண்டு. ஊரின் வேலியும் கிணறும் காக்கப்படும். ஐந்து வண்டி என்னும் அச்சிறு எண்ணை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. பின்னர் அதற்கு வேலை உண்டு.

இவையெல்லாம் மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று வியப்பவர் நம் பழைய வண்டிப் பாதைகளை மறந்தவராவர். சிறுவயதிலே புரட்டாதி மாதத்து வல்லிபுரக் கோயிற் கடற்றீர்த்தத்துக்குப் பாட்டனாரின் கூடார வண்டிலில் ஏறிச் சென்ற நினைவு எனக்கு உண்டு. அப்போதே வண்டில்கள் அருகிவிட்டன. ஆயினும் பாட்டனார் விட்டாரல்லர். மேலே ஓலைக் கூடாரம். கீழே வைக்கோற் கட்டும் தண்ணீர் வாளியும். பின்னே ஆடிக்கொண்டு வரும் அரிக்கன் விளக்கு. வெண்மணலிலே வண்டிலை அவிழ்த்துவிட்டு மூன்று கல் வைத்துப் பாட்டியார் சோறு சமைத்தார். நாங்கள் கூடாரத்தின் கீழே உறங்கினோம். சில்லின் மேல் ஏறிய வீட்டிலே குடும்பத்தோடு சென்று ஊரறியாத இடத்திலே இரவு தங்கி மீள்வதற்கு ஆங்கிலப் பெயர் எதுவாயினும் ஆகுக. நாங்கள் அதைத் தீர்த்தத்துக்குப் போதல் என்றோம்.

அப்பாதை வெறும் பாதையன்று. இடையிடையே மடங்கள் இருந்தன. பருத்தித்துறையிலே தெருமூடி மடம் இன்றும் நிற்கின்றது. தெருவுக்கே கூரை போட்டு, இரு மருங்கும் திண்ணை கட்டி, நடந்து வருபவனை வாவென்று அழைக்காமலே நிழலுக்குள் இழுத்துக்கொள்ளும் கட்டடம் அது. மடத்தை அடுத்துக் கேணி. கேணிக்கரையிலே மாடு தன் முதுகைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல். மனிதனுக்கு நிழல் அமைத்தவன் மாட்டின் தினவையும் நினைத்தான். வழியிலே சுமைதாங்கிகள். தலைச்சுமையோடு வருபவள் பிறர் கையை எதிர்பாராமல் இறக்கி வைக்கவும், இளைப்பாறியபின் தானே தூக்கிக்கொள்ளவும் ஏற்ற உயரத்திலே அக்கல் கிடக்கும். கருவுற்றிருந்து மகப்பேற்றுக்கு முன் இறந்த பெண்ணின் நினைவாகவே சுமைதாங்கியைப் பெரும்பாலும் நாட்டினர். இறக்கி வைக்கப்படாத ஒரு சுமையின் பெயரால் வழியெல்லாம் பிறர் சுமையை இறக்கினர். இதனினும் உயர்ந்த அறச்சிந்தனையை எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை.

இங்ஙனம் பெருமை பேசிக்கொண்டே இக்கட்டுரையை முடித்திருப்பேன், சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று என் வாயை அடைத்திராவிட்டால்.

நான் கற்பிக்கும் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவரைக் கிழக்குக் கரைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். இரண்டு பஸ்கள். அரிசி, தேங்காய், விறகு, கிடாரம், படங்கு எல்லாம் நானே பட்டியலிட்டேன். புறப்படுமுன் எங்கள் ஆசிரியை ஒருவர், "பண்டிதர் ஐயா, இரவு தங்கும் இடத்திலே பிள்ளைகளுக்கு மலசலகூட வசதி எப்படி?" என்று கேட்டார். "கடற்கரை பெரிதுதானே, ரீச்சர்" என்றேன். அவ்விடையை எழுத இப்போதும் என் கை கூசுகின்றது.

தங்கிய இடத்தின் பெயரைச் சொல்லேன். வண்டிக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டும் தந்தார்கள். மலசலகூடம் இரண்டு இருந்தன. ஒன்று பூட்டியிருந்தது; திறப்பு யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. மற்றதற்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீரும் இல்லை. அன்று மாலை மணலிலே மாணவரை இருத்தி நெய்தல் திணையின் அழகை ஒரு மணி நேரம் விரித்துரைத்தேன். எழுவதும் இருப்பதுமாய்ப் பெண்பிள்ளைகள் நிலைகொள்ளாது தவித்தது எனக்குத் தெரிந்தது. பாடத்திலே ஆர்வமில்லை என்று கடிந்துகொண்டேன். மறுநாள் முற்பகல், வெயிலிலே கோயில் வீதியில் நடக்கும்போது ஒரு பிள்ளை மயங்கி விழுந்தாள். வைத்தியசாலையிலே மருத்துவர் விசாரித்தார். முதல்நாள் நண்பகலுக்குப்பின் அவள் ஒரு மிடறு நீரும் குடிக்கவில்லை. நீர் இல்லாமலன்று, குடிநீர்ப் போத்தல் அவள் பையிலேயே இருந்தது. குடித்தால் பின்னே எங்கே போவது என்று அஞ்சிக் குடிக்காதிருந்தாள். அவள் மட்டுமன்று, ஏறக்குறைய எல்லாப் பெண்பிள்ளைகளும் அவ்வாறே இருந்தனர் என்பதை அந்த ஆசிரியை பின்னர் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடு திரும்பி இதனை அம்மாவிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்களெல்லாம் ஒரே இரவிலே பெயர்ந்தபோது நாங்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க மழையிலே நின்றவர்கள். அங்குலம் அங்குலமாக நகர்ந்த அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் பல முறை பேசியிருக்கின்றேன், ஒருமுறை எழுதியுமிருக்கின்றேன். அம்மா சொன்னார்: "அண்டைக்கு நாங்கள் பொம்பிளையள் ஒருத்தரும் தண்ணி வாயிலை வைக்கேல்லை. ஏனெண்டு நீங்கள் ஆம்பிளையள் ஒருத்தரும் கேக்கேல்லை." பக்கத்திலே நின்றவன் நான். எனக்கு அப்போது வயது இருபதுக்கு மேல். இத்தனை ஆண்டுகள் கழிந்து, என் மாணவி ஒருத்தி விழுந்தபின்னரே அவ்வினாவைக் கேட்டேன்.

அதன்பின் நம் பழைய மடங்களையும் வேறு கண்கொண்டு பார்க்கலானேன். திண்ணை உண்டு, கேணி உண்டு, மாட்டுக்குக் கல் உண்டு. பெண்ணுக்கு மறைவிடம்? அக்காலத்திலே ஊர்ப்புறத்தில் வடலிக் காடு இருந்தது, இருளும் இருந்தது. அவ்விரண்டும் மறைவிடமாயின. இன்று வடலி அழிந்து வீடு வந்துவிட்டது. இருள் அழிந்து மின்விளக்கு வந்துவிட்டது. மறைத்தவை இரண்டும் போயின. அவற்றுக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை. தண்ணீர்ப் பந்தல் மட்டும் இன்றும் தவறாமல் நடக்கின்றது. திருவிழாக் காலத்திலே சந்திக்குச் சந்தி மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்க்கின்றோம். தாகத்தை நாம் மறக்கவில்லை. தாகம் தீர்த்தபின் வருவதை மறந்தோம்.

2009 இல் யுத்தம் முடிந்தபின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகக் குடும்பங்கள் வரலாயின. நயினாதீவுக்கு வருவோர் பலர் அரிசியும் கிடாரமும் கொண்டே வந்தனர். தெருவோரத்திலே மூன்று கல் வைத்துச் சமைத்தனர், பஸ்ஸிலே உறங்கினர். வேலியோரத்தை அசுத்தம் செய்கின்றனர் என்று நம்மவர் முறையிட்டனர். முறைப்பாடு பொய்யன்று. ஆனால் என் பாட்டியார் வல்லிபுரத்து மணலிலே வைத்த கற்களும் மூன்றே. கிழக்குக் கரையிலே எங்கள் பஸ் நின்ற இடத்தைப் பற்றி அவ்வூரவர் என்ன முறையிட்டனரோ? வந்தவனுக்கு இடங்கொடாமல் வைத்துவிட்டு, அவன் இடங்கண்ட இடத்தில் இருந்தான் என்று குற்றஞ்சாட்டுவது நீதியாகாது. அவர்களோடும் கிழவிகள் வந்திருந்தனர், பெண்பிள்ளைகள் வந்திருந்தனர். அவர்களும் அன்று தண்ணீர் குடித்திருக்கமாட்டார்கள்.

ஆகவே, தாவளம் வேண்டும். பெருஞ்செலவு வேண்டுவதன்று. பிரித்தானியரின் ஐந்து வண்டிக் கணக்கை இங்கே எடுத்துக்கொள்வோம். கிணறும் தென்னந்தோப்பும் உள்ள ஒருவர் ஐந்து வண்டிகளுக்கு இடங்கொடுக்கலாம். இடமுள்ள சனசமூக நிலையமும் கொடுக்கலாம். பிரதேச சபை பார்வையிட்டுச் சான்று கொடுக்கட்டும். சான்றுக்கு இலக்கணம் இது: மழைநீர் தேங்காத சமநிலம், குடிநீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, உட்புறத் தாழ்ப்பாளும் நீரும் விளக்கும் உள்ள மலசலகூடம், குளிக்க மறைப்பு, சமையலுக்கு அடுப்புக்கல், குப்பைக்குத் தொட்டி, பகலும் இரவும் பொறுப்பாக ஒருவர், அவர் பெண்ணாயிருத்தல் சாலவும் நன்று. விளம்பரப் பலகையைப் பார்த்து மதிப்பிட வேண்டா. இரவு பத்து மணிக்கு ஒரு பெண்பிள்ளை தனியே எழுந்து அச்சமின்றிப் போய்வர முடியுமோ என்று கேட்க வேண்டும். முடியுமாயின் அது தாவளம். முடியாதாயின் அது வெறும் வெளி.

யாழ்ப்பாணத்தவர்க்கு இன்னுமொன்று. நம் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. நிலத்தின் கீழே சுண்ணக்கல்; அதன் வெடிப்புக்களிலே தேங்கிய மழைநீரே நம் கிணறு. அக்கல் சல்லடை போன்றது. ஒரு குழியிலே விட்டது அடுத்த கிணற்றிலே ஊறும். ஆகையால் தாவளத்துக் கழிவுக்கு உறிஞ்சு குழி ஆகாது. ஒழுகாத தொட்டி கட்டி, நிறைந்தபோது வண்டி வைத்து எடுத்துச் செல்லல் வேண்டும். அதற்குரிய செலவைத் தங்குவோரிடம் கட்டணமாக வாங்குவதிலே பிழையில்லை. இக்காலத்துக்கு ஏற்ற அறம் கணக்கு வைத்துச் செய்யும் அறமே.

"எங்கள் பாடசாலைகளிலேயே இவ்வசதி குறைவு, பிறத்தியார்க்கு ஏன்?" என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வி. வந்தவர்க்குக் கட்டிய மலசலகூடத்தை ஊர்ச் சந்தைக்கு வந்த பெண்ணும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மாணவியும் பயன்படுத்தத் தடை என்ன? மடம் கட்டியவர் இன்னாருக்கு என்று எழுதி வைத்தாரல்லர். விருந்தினரின் கட்டணத்தால் ஊரவர்க்கும் வசதி நிற்குமாயின் இலாபம் யாருக்கு?

இனி ஊர்ப் பஸ். இதனை ஏன் தாவளத்தோடு சேர்த்துப் பேசுகின்றேன்? தங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்க முடியாதாயின், வந்தவன் ஒவ்வோர் இடத்துக்கும் தன் பெருவண்டியையே செலுத்துவான். விழா நாட்களிலே குறிகட்டுவான் துறைக்குப் போகும் பண்ணைப் பாலத்தையும் புங்குடுதீவுத் தெருவையும் பார்த்தவர்க்கு விளக்கம் வேண்டா. பெரிய பஸ்கள் எதிரெதிரே நின்று ஒன்றுக்கொன்று வழிவிடமாட்டாமல் திணறும். நடுவிலே நம் தபாற்காரரின் துவிச்சக்கர வண்டி சிக்கி நிற்கும். ஸ்டேபிள்ஸுக்கு ஒரு முச்சக்கர மிதிவண்டியாவது இருந்தது.

சுவிற்சர்லாந்தின் தென்கோடியிலே திசீனோ என்றொரு மாநிலம். 2017 முதல் அங்கே விடுதியில் மட்டுமன்று, கூடாரத்திலும் வீட்டு வண்டியிலும் இரவு தங்குவோர்க்கும் ஒரு சீட்டுக் கொடுக்கின்றனர். தங்கும் நாள் முழுவதும் அம்மாநிலத்துப் பஸ்ஸிலும் புகைவண்டியிலும் அச்சீட்டோடு கட்டணமின்றிச் செல்லலாம். ஜெர்மனியின் ஷ்வார்ஸ்வால்ட் மலைக்காட்டு ஊர்களிலும் இத்தகைய சீட்டு உண்டு. தங்குவோர் ஊருக்குச் செலுத்தும் சிறு வரியிலிருந்து அதன் செலவு பெறப்படுகின்றது. பயன் இரண்டு. பெருவண்டிகள் தங்குமிடத்திலேயே நிற்கும், குறுந்தெருக்கள் மூச்சுவிடும். அதைவிடப் பெரிது மற்றது. ஊரவர் மட்டும் ஏறினால் நட்டப்படும் மலைப்பாதைப் பஸ்ஸுக்கு விருந்தினரால் ஒரு வருவாய் கிடைக்கின்றது.

நாம் சுவிற்சர்லாந்து அல்லோம். இலவசச் சீட்டு ஒருபுறம் நிற்கட்டும். தாவளத்தின் வாசலிலே தரிப்பிடம் ஒன்று. அதிலே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நேர அட்டவணை ஒன்று. அட்டவணைப்படி வரும் பஸ் ஒன்று. பஸ் போகாத ஒழுங்கைகளுக்கு முன்கூட்டியே கட்டணம் எழுதி ஒட்டிய ஓட்டோ. வாடகைக்குச் சில துவிச்சக்கர வண்டிகள். இவை போதும். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே துவிச்சக்கர வண்டியிலேயே ஒரு குடாநாட்டை நடத்தியவர் நாம்; அதன் அருமையை யாரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. விருந்தினரும் ஏறுவர் என்ற நம்பிக்கையிலே மாலைக்குப்பின் இன்னொரு பஸ் தீவகத்துக்கு ஓடுமாயின், என் மாணவர் வகுப்பு முடியும்வரை இருக்கலாம். ஊர்காணவந்தவனின் வசதியும் ஊர்ப்பிள்ளையின் கல்வியும் ஒரே பஸ்ஸிலே போகக்கூடியவை.

வந்து தங்குவோர்க்கும் கடமை உண்டு. உமணர் அடுப்புக் கல்லை விட்டுச்சென்றனர். நாம் பொலித்தீன் பையை விட்டுச்செல்கின்றோம். நாம் என்று வேண்டுமென்றே சொல்கின்றேன். கிழக்குக் கரையிலே எங்கள் பஸ் எழுந்தபின் அவ்விடத்தைத் திரும்பிப் பார்த்தவன் நான். சுற்றுலாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு பாடசாலையும் இனி இரண்டு வினாக்களைக் கேட்டபின்னரே அரிசியை நிறுக்க வேண்டும்: பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்? நம் குப்பை எங்கே போகும்?

இறுதியாகச் செல்வர்க்கு ஒரு விண்ணப்பம். மண்டபம் கட்டுகின்றீர்கள், வாசலிலே பெயர் பொறிக்கின்றீர்கள். மணிக்கூட்டுக் கோபுரமும் கட்டுகின்றீர்கள். தாய் தந்தையர் நினைவாக மலசலகூடம் கட்டிப் பெயர் பொறித்த ஒருவரையும் நான் கண்டதில்லை. அது இழிவென்று எண்ணுகின்றோம். நம் முன்னோர் சாவையும் சூலையும் மறைக்காமல் ஒரு கல்லாக்கித் தெருவிலே நாட்டினர். அவர்க்கு இல்லாத கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது? என் தாயாரின் நினைவாக எதையேனும் செய்யும் காலம் எனக்கு வருமாயின், வழியோரத்திலே தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு மறைவிடத்தையே கட்டுவிப்பேன். அதன்மேல் அவர் பெயரையும் பொறிப்பேன். இதனை அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். "அதுக்கு நான் சாகவேணுமே? இப்பவே கட்டன்" என்றார்.

அடுத்த கிழமை அந்த மாணவருக்குத் தாவளம் என்னும் சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன். குறித்துக்கொண்டார். பின்னர் மணிக்கூட்டைப் பார்த்தார்.